கும்பகோணத்துப் பரணில் 38 கண்ணாடி நெகடிவ்: துடைக்கலாமா? வருஷம் கண்டுபிடிப்பது எப்படி?

படித்துறை:
கும்பகோணத்தில் இடிக்கப்போகும் வீடு ஒன்றின் பரணில் தகரப்பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே கண்ணாடி நெகடிவ் 38, எல்லாம் 4¾ × 6½ அங்குலம். அட்டையில் ஒட்டிய பிரிண்ட்டுகளும் உண்டு. ஐந்தாறு தட்டுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. சிலவற்றில் முகத்தின்மேல் பென்சில் கிறுக்கல், பின்னணியில் சிவப்புப் பூச்சு. மகாமகக் குளம், கடைத்தெரு, குடும்பப் படங்கள் தெரிகின்றன. ஊர் வரலாற்றுக்குப் பயன்படுத்த ஆசை. துடைக்கலாமா? வருஷத்தை எப்படிக் கணிப்பது?

இருட்டறை:
துடைக்காதீங்க. அந்தப் பென்சில் கிறுக்கல் அழுக்கு இல்ல, ஸ்டூடியோக்காரர் செஞ்ச டச்சிங். அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் மறைக்க எமல்ஷன் (கண்ணாடிமேல படம் பதிஞ்ச ஜெலட்டின் பூச்சு) மேலயே போடுவாங்க. சிவப்புப் பூச்சு, பிரிண்ட்ல அந்த இடம் வெள்ளையா வரணும்னு போட்டது. ரெண்டும் போச்சுன்னா வராது.

உங்க அளவு ஹாஃப் பிளேட். சாய்ச்சுப் பாத்தா பளபளக்குறது கண்ணாடிப் பக்கம், மங்கலா இருக்குறது எமல்ஷன். எமல்ஷன் பக்கம் ரப்பர் புளோயர் காத்து மட்டும் போதும். ஓரத்துல நீலமா வெள்ளி மாதிரி மினுங்கினா அது படத்தோட வெள்ளியே மேல வந்து படிஞ்சது, தேய்க்காதீங்க.

ஒட்டின தட்டைப் பிரிக்கவே கூடாது. ஜெலட்டின் ஈரத்துல ஊறிப் பிசினா ஆயிருக்கும். கத்தி விட்டா ஒரு படம் இன்னொரு கண்ணாடியோட போயிடும். வெயில்ல வச்சா அதைவிட மோசம், ஜெலட்டின் சுருங்கி அப்பளமாட்டம் எழும்பி உதிரும். அப்படியே கட்டாச் சுத்தித் தனியா வைங்க, பழைய படங்களைப் பாதுகாத்துச் சரிசெய்யுறவங்க பாத்துக்கட்டும்.

மத்ததை ஒவ்வொண்ணா அமிலமில்லாத காகிதத்துல நாலு மடிப்பு உறை போட்டு, நீளப் பக்கம் கீழ வர்ற மாதிரி நிக்க வைங்க. படுக்க வச்சு அடுக்கினா 25 தட்டுக்கே சுமார் 2 கிலோ பாரம், அடித்தட்டு விரியும். நியூஸ்பேப்பர், பிவிசி கவர், அந்துருண்டை மூணும் வேண்டாம்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை: பெட்டில இருந்த வரிசையிலேயே செல்போன்ல படம் எடுத்து எண் போடுங்க. எண் உறைமேல இருக்கட்டும், தட்டுமேல வேண்டாம். ஒரே நாள் எடுத்த படங்கள் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கும். வரிசை கலைஞ்சா பாதி வரலாறு போச்சு.

கல்லாப்பெட்டி:
வருஷத்துக்கு முகத்தைப் பார்க்காதீர்கள், பின்னணியைப் பாருங்கள். விலைப்பலகையில் அணா இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். அட்டையிலுள்ள ஸ்டூடியோ முத்திரையில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின்.

பெயர்ப்பலகையில் லை, னை எழுத்துகளுக்குத் தும்பிக்கை வடிவம் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அவசரம் அது. பழைய பலகையைப் பல வருஷம் யாரும் மாற்றவில்லை. மறுபக்கம், பெரியார் 1935லேயே தம் குடி அரசு இதழில் புதிய எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். இயக்கச் சுவரொட்டியில் புதிய எழுத்தைக் கண்டு 1978க்குப் பின் என்று எழுதிவிடாதீர்கள்.

குளத்தில் மகாமகக் கூட்டம் என்றால் வருஷங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்: 1933, 1945, 1956, 1968. பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டி 1957 என்று எழுதியவர்கள் உண்டு. மகாமகம் குரு (வியாழன்) கிரகத்தின் சுற்றை வைத்து வருவது; அது ஒரு சுற்று வரப் பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு.

இருட்டறை:
நகலுக்கு: லைட் பேடுக்கு மேல 3 செ.மீ. இடைவெளி விட்டு, தட்டை எமல்ஷன் மேல்பக்கம் வர்ற மாதிரி வைங்க. சுத்திக் கருப்பு அட்டை, மேக்ரோ லென்ஸ், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா சுருக்காத மூலக் கோப்பு). 24 மெகாபிக்சல் கேமராவுல அங்குலத்துக்கு 800 புள்ளிக்குப் பக்கம் கிடைக்கும். அப்புறம் இடவலம் திருப்பி, பாசிட்டிவ் ஆக்கி, 16 பிட் டிஃப் (TIFF) ஃபைலா சேமிங்க.

தகடுகளைக் கொடுக்கறதா இருந்தா பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல கேளுங்க, தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டல் ஆக்கினவங்க. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தையும் கேட்டுப் பாக்கலாம்.

படித்துறை:
நன்றி. சோதனைக்கு ஒரு குடும்பப் படம் எடுத்துத் திருப்பினேன். அம்மாவின் முந்தானை வலது தோளில் விழுகிறது. திருப்பியது தப்பா?

கல்லாப்பெட்டி:
மடிசாரா? ஐயர் வீட்டு மடிசார் என்றால் வலது தோள்தான் சரி. பக்கத்தில் நிற்பவரின் பூணூலைப் பாருங்கள், இடது தோளில் இருந்தால் படம் நேராக இருக்கிறது.