மறு: ‘லர்க்கர்’: பதுங்குகிறவரா, பக்கத்தில் இருக்கிறவரா?

வணக்கம்.

> ‘லர்க்’ என்றால் பதுங்குதல். எனவே லர்க்கர் = பதுங்குநர். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. நாம் தமிழ்ச்சொல் தேடுவது, இணையக் குழுவில் சேர்ந்தும் எதுவும் எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவருக்கு. புலி பதுங்கும், திருடன் பதுங்குவான். நம் கலைச்சொல் மடற்குழுவில் சேர்ந்த முதல் இரண்டு வருடம் நான் ஒரு வரி எழுதவில்லை. சந்தி எங்கே மிகும், மென்பொருள் மொழிபெயர்ப்பில் ‘சரம்’ (string) என்றால் என்ன, ஒரு சொல்லை ஏன் நிராகரிக்கிறார்கள், எல்லாம் நீங்கள் சண்டை போட்டதைப் படித்தே கற்றேன். அன்றைக்கு யாராவது என்னைப் பதுங்குநர் என்று அழைத்திருந்தால் அப்படியே நழுவியிருப்பேன்.

என்னைப் போன்றவர்கள் கொஞ்சப் பேரும் இல்லை. நானெக், ப்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் மின்னஞ்சல் குழுக்களில் எழுதாதவர்களை எண்ணி 2000-இல் வெளியிட்டார்கள். உடல்நலக் குழுக்களில் சுமார் 46 விழுக்காடு, மென்பொருள் உதவிக் குழுக்களில் 82 விழுக்காடு. வித்தியாசத்துக்கு என் ஊகம்: நோய் வந்தவருக்குப் பேச ஆள் வேண்டும்; பிழைச்செய்தி வந்தவருக்கு விடை கிடைத்தால் போதும், அந்தக் கேள்வியை வேறொருவர் ஏற்கெனவே கேட்டிருப்பார். 2004-இல் இதே ஆய்வாளர்கள் ஆண்ட்ரூஸுடன் சேர்ந்து ‘ஏன் எழுதுவதில்லை’ என்று கேட்டபோதும், அதிகம் பேர் சொன்ன காரணம் ‘எழுதத் தேவை இருக்கவில்லை’ என்பதே.

> ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரின் கோட்பாட்டை ஒட்டி ‘விளிம்பர்’ எனலாமே?

கோட்பாடு பொருத்தம், சொல்தான் உதைக்கிறது. ‘விளிம்புநிலை மக்கள்’ என்று எழுதிப் பழகிய நமக்கு விளிம்பு என்றாலே ஒதுக்கப்பட்ட இடம். தொழில் பழகுவதைப் பற்றி அவர்கள் 1991-இல் எழுதிய நூலில் சொன்ன விளிம்பு, புதியவர் ஓரமாக இருந்து பார்த்துப் பழகி உள்ளே போகும் வழி. லைபீரியாவின் தையல்காரர்களிடம் தொழில் பழக வருகிறவர் முதலில் முடிப்பு வேலைகளைச் செய்வார், அப்புறம் தையல், துணி வெட்டுவது கடைசியில்தான். நம் தையற்கடைக் காஜா பையன் கதையேதான். பொத்தான் துளைக்கு நூல் சுற்றிக்கொண்டே கட்டிங் மாஸ்டரின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அதே நூலில் அமெரிக்க இறைச்சி வெட்டுநர்களும் வருகிறார்கள். அங்கே பயிற்சியில் இருந்தவர்கள் பொட்டலம் கட்டும் மேசையில் நிறுத்தப்பட்டார்கள்; தேர்ந்தவர்கள் வெட்டுவது அவர்கள் கண்ணில் படாத இடத்தில் நடந்தது. வேலை இருந்தும் வித்தை வரவில்லை. இதைப் படித்ததிலிருந்து எனக்கு வாட்ஸ்அப் குழுக்கள் மேல் ஒரு கோபம். நம் குழுவில் இன்று சேர்கிறவர் பத்தாண்டுப் பழைய மடலையும் தேடிப் படிக்கலாம். வாட்ஸ்அப்பில் நேற்று நடந்த பேச்சு இன்று வந்தவருக்குத் தானாகக் கிடைப்பதில்லை. (திசை மாறுகிறேன், மன்னிக்கவும்.)

> கேள்வியர்?

அழகான சொல். பழந்தமிழில் கேள்வி என்பது கேட்டுப் பெறும் அறிவு. குறளில் அந்தப் பெயரில் ஒரு அதிகாரமே உண்டு. ஆனால் இன்றைக்குக் ‘கேள்வியர்’ என்றால் கேள்வி கேட்டுத் துளைக்கிறவர் என்றுதான் புரியும். ஒன்றுமே கேட்காதவருக்கு அந்தப் பெயரா?

என் பரிந்துரை: திண்ணையர். வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை. வழிப்போக்கர் அனுமதி கேட்காமல் உட்காரத்தான் திண்ணையே கட்டினார்கள். நம் தாத்தாக்கள் படித்த பள்ளிக்கூடமும் அதுதான்.

———

மறு:

> வழிப்போக்கர் அனுமதி கேட்காமல் உட்கார

எந்த வழிப்போக்கர், தோழரே? எங்கள் தாத்தா அந்தத் தெருவுக்குள்ளேயே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் நடந்தார். திண்ணை அவருக்கு வழியில் இருந்த ஒரு கட்டடம், அவ்வளவுதான். எவர் வேண்டுமானாலும் சேர்ந்து படிக்கிற இடத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம். தவிர, திண்ணைப் பேச்சு என்றால் வெட்டிப்பேச்சு. இவரோ பேசுவதே இல்லை.

‘உடனிருப்பர்’ என்று வைக்கலாம். ‘உடனிருந்து கற்றான்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு உடனிருப்பவரைப் பாருங்கள். ஊசி போட மாட்டார், மருந்துச்சீட்டு எழுத மாட்டார். மூன்று நாளில் எந்த மாத்திரை எப்போது, எந்த நர்ஸ் கோபக்காரர் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

———

மறு:

திண்ணையரைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லை; யோசிக்கத் தேவையில்லாத வீட்டில் பிறந்தவன் என்பதுதான் காரணம்.

உடனிருப்பர் எனக்குச் சம்மதம். வினைக்கு ‘உடனிருத்தல்’. நெடுநாள் சும்மா இருந்தவர் முதன்முதலில் எழுதுவதற்கு ‘வாய்திறப்பு’ எனலாமா? மறுப்பு இல்லையென்றால் ஞாயிறன்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

———

மறு:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக உடனிருக்கிறேன், இது என் வாய்திறப்பு.

‘உடனிருப்பர்’ வினைமுற்றாகவும் நிற்கும். ‘குழுவில் நூறு பேர் உடனிருப்பர்’ என்று எழுதினால் பெயரா வினையா என்று தெரியாது. ‘உடனிருப்பாளர்’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. பேச்சாளர், பங்கேற்பாளர் வரிசையிலும் சேர்ந்துவிடும். ஞாயிறுக்குள் மாற்றிவிட முடியுமா?