புதுப்பிப்பு: ஏற்றத்தில் திணறிய கார், பிளக் மாற்றியாச்சு

குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை ஏற்றத்தில் கார் விக்கி விக்கிப் போகிறது என்று கேட்டிருந்தேன் அல்லவா? எரிபொருளைப் பற்றவைக்கப் பொறி தரும் ஸ்பார்க் பிளக்தான் காரணம். ஒரு பிளக்கில் நடு முனை தேய்ந்து உருண்டையாகிக் கிடந்தது. அப்படித் தேய்ந்து பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே இடைவெளி கூடினால் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். ஏற்றத்தில் லோடு கூடும்போது அது எட்டாமல் மிஸ்ஃபயர் ஆகும், அதாவது எரிபொருள் சரியாகப் பற்றாது. சமதளத்தில் அவ்வளவாகத் தெரியாததும் அதனால்தான்.

மாற்றுகிறவர்கள் இன்ஜினை நன்றாக ஆறவிடுங்கள். கழற்றுமுன் பிளக் குழியில் காற்றடித்துவிடுங்கள், இல்லையென்றால் மண் சிலிண்டருக்குள் விழும். புதியதை முதலில் கையாலேயே திருகுங்கள். பிளக் திருகும் அலுமினிய ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி) மரை போனால் செலவு பிளக் விலையோடு நிற்காது.

அப்புறம், பழசையே தேய்த்துப் போடச் சொன்ன அண்ணனுக்கு: கரி போகும், தேய்ந்த முனை வளராதே! இப்போது மூன்றாம் கியரிலேயே ஏறுகிறது.