தண்டுவடம் பாதித்தவரை மின்தூண்டலால் நடக்கவைக்க முடியுமா?

கேள்வி (கருங்கல்)

என் அண்ணன் தென்னை ஏறும் தொழிலாளி. பதினான்கு மாதங்களுக்கு முன் விளையில் மரத்திலிருந்து விழுந்ததில் பத்தாவது மார்பு முள்ளெலும்பு நொறுங்கி, தொப்புளுக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாமல் போய்விட்டன. கால்களில் மின்சாரம் செலுத்தி ஆறு மாதத்தில் நடக்கவைப்பதாகச் சொல்லும் ஒருவர், கருவிக்கு மட்டும் இரண்டு லட்சம் ரூபாய் கேட்கிறார். இரவில் அண்ணனின் கால்கள் தாமாகவே உதறுகின்றன. உயிர் திரும்புகிறது என்று அம்மா நம்புகிறார். நகையை அடகு வைப்பதற்கு முன் உண்மை தெரிய வேண்டும்.

பதில் (நாகர்கோவில், இயன்முறை மருத்துவர்)

உதறல் உயிர் திரும்புவதன் அடையாளம் அன்று. இதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆனாலும் உங்கள் கேள்விக்கு அது நல்ல செய்திதான். காயத்துக்குக் கீழேயுள்ள தண்டுவடமும் அங்கிருந்து தசைக்குச் செல்லும் நரம்பும் உயிரோடு இருப்பதால்தான் கால் உதறுகிறது. மின்தூண்டல் இயக்குவதும் அந்த நரம்பைத்தான். நரம்பு வேர்களே சிதைந்து கால் துவண்டு கிடப்பவருக்கு இக்கருவியால் நடை வராது. எனவே பணம் கொடுக்கும் முன், தொடையின் முன்பக்கம் மின்சாரம் செலுத்தும் இரண்டு பட்டைகளை ஒட்டி, முழங்கால் நீள்கிறதா என்று ஏதேனும் ஒரு பிசியோதெரபி பிரிவில் பார்த்துவிடுங்கள்.

நடக்கவைக்கும் முறை இதுதான்: தொடைத் தசையைத் தூண்டினால் முழங்கால் நிமிர்ந்து உடல் நிற்கும், பிறகு முழங்காலின் வெளிப்புறத்தில் ஓடும் நரம்பைத் தூண்டினால், முள் குத்தியவர் காலை வெடுக்கென்று இழுப்பதுபோல இடுப்பும் முழங்காலும் மடங்கி அடி எழும்பும். ஸ்லோவேனியாவின் லியுப்லியானா நகர ஆய்வாளர்கள் 1980களில் வளர்த்த முறை இது. வாக்கரின் கைப்பிடியில் பொத்தான் வைத்த பாராஸ்டெப் என்ற கருவிக்கு 1994இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் தண்டுவடம் தசை இழைகளை முறைவைத்து வேலை வாங்கும்; மின்சாரமோ அதே இழைகளை ஒன்றாகச் சுருங்கவைப்பதால் தசை விரைவில் களைத்துவிடும். உடல் எடையில் ஒரு பங்கைக் கைகளும் தாங்க வேண்டும், கருவியை அணைத்தால் நடையும் நின்றுவிடும். ஆறு மாதத்தில் நடப்பார் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

பதில் (குலசேகரம்)

ஒன்பது ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். மூன்று மாதம் உட்கார்ந்தபடியே தொடைக்குத் தூண்டல் கொடுத்த பிறகு, எலும்பு தேய்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்த்துவிட்டுத்தான் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே என்னை நிறுத்தினார்கள். நான்காவது நிமிடத்தில் முழங்கால் நடுங்கி மடங்கியது. வீட்டில் நான் நடக்கவில்லை. ஆனால் ஒட்டியிருந்த தொடை சதை பிடித்தது, படுக்கைப்புண்ணும் திரும்ப வரவில்லை. ஒருமுறை பட்டையின் ஓரத்தில் ஜெல் காய்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வலி தெரியாததால், துணி மாற்றும்போதுதான் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் கண்ணில் பட்டது. தினமும் தோலைப் பாருங்கள். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தில் தண்டுவடம் பாதித்தவர்களுக்கென்றே மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. நாற்காலிக்கு மாறுவதும் சிறுநீரைக் கையாளுவதும்தான் அண்ணன் முதலில் பழக வேண்டியவை.

கேள்வி கேட்டவர்

நேற்றுச் சோதித்தோம். வலது முழங்கால் முழுதும் நீண்டது, இடது பாதிதான். அண்ணன் வெகுநேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்; திங்கட்கிழமை ஆய்க்குடிக்குப் புறப்படுகிறோம்.