2.38 லட்சம் கி.மீ. ஓடிய டீசல்: எஞ்சினை இறக்கத்தான் வேணுமா?

பாமணிக்கரை (மன்னார்குடி):
2012 மாடல் செடான். 1,248 சிசி காமன் ரெயில் டீசல், டைமிங் செயின் எஞ்சின். ஓடோமீட்டர் 2,38,000. ஓட்டம் பெரும்பாலும் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ரெண்டு மூணு செகண்ட் சங்கிலி இழுக்கிற மாதிரி சத்தம், அப்புறம் அடங்கிடுது. ஆக்சிலரேட்டரை அழுத்தினா கருப்புப் புகை. பிக்கப் குறைஞ்சிருக்கு. ஆயிலும் குடிக்குது, எவ்வளவுன்னு அளக்கலை. பட்டறையில் பானெட்டைத் திறந்து பார்த்துட்டு "ரிங் போயிடுச்சு, இறக்கிப் போர் பண்ணணும்"னுட்டாங்க (பிஸ்டன் ரிங் தேஞ்சுடுச்சு, எஞ்சினை இறக்கி சிலிண்டரைக் கடையணும்னு அர்த்தம்). டெஸ்ட் எதுவும் எடுக்கலை. இறக்குறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்? 20டபிள்யூ-50 ஆயில் ஊத்தினா கொஞ்ச நாள் தாங்குமா?

வெண்ணாறு_டீசல்:
20டபிள்யூ-50 வேண்டாம் தம்பி. காலையில் சத்தம் போடுற டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்யுது. கெட்டி ஆயில் காலையில் மேலே ஏற நேரமாகும், மூணு செகண்ட் சத்தம் ஆறு செகண்ட் ஆகும். டர்போ (காத்தை அழுத்தி எஞ்சினுக்குத் தள்ளுற விசிறி) ஷாஃப்ட்டுக்கும் அதே கதிதான். மேனுவலில் என்ன கிரேடு போட்டிருக்கோ அதையே ஊத்துங்க.

முதல்ல ஆயில் எவ்வளவு போகுதுன்னு அளங்க. சமதரையில் நிறுத்தி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மேல் கோடு வரைக்கும் ஊத்துங்க. 1,000 கி.மீ. ஓட்டிட்டு அதே இடத்தில், அதே மாதிரி ஆறின எஞ்சினில், மறுபடி மேல் கோட்டுக்கு வர எத்தனை மி.லி. பிடிக்குதுன்னு அளவுக் குவளையில் பாருங்க. இந்த வயசு டீசலுக்கு 200, 300 மி.லி. போனா கவலையில்லை. 500ஐத் தாண்டினா காரணம் தேடணும். டிப்ஸ்டிக்கில் லெவல் ஏறினா அது வேற வியாதி: டீசல் ஆயிலில் கலக்குது. அதோட ஓட்டாதீங்க.

புகையைப் பிரிச்சுப் பார்க்கணும். கருப்புன்னா டீசல் அதிகம் அல்லது காத்து குறைவு, ரிங்கைச் சொல்லாது. ரிங் போனா லோடில் நீலப் புகை தொடர்ந்து வரும். காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலமா வந்து நின்னா வால்வ் சீல். வெள்ளைப் புகையில் பச்சை டீசல் வாடை அடிச்சா குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு சிலிண்டரைச் சூடாக்குறது) அல்லது கம்ப்ரெஷன் (சிலிண்டர் காத்தை அழுத்துற பலம்), இனிப்பு வாடைன்னா கூலன்ட் உள்ளே எரியுது. நீங்க சொன்ன கருப்பை வச்சு ரிங்னு தீர்ப்பு சொல்ல முடியாது.

ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திருகி, எடுக்காம அப்படியே மேலே வைங்க. லேசா ஆடினா சரி. புகையோட தூக்கி எறிஞ்சா புளோ-பை, அதாவது சிலிண்டர் காத்து ரிங்கைத் தாண்டிக் கீழே கசியுது. ஆனா எஞ்சினுக்குள் சேர்ற ஆவி வெளியேறுற பிரீதர் குழாய் அடைச்சிருந்தாலும் இதேதான் நடக்கும், அதனால குழாயைக் கழுவிட்டு மறுபடி பாருங்க.

லேத்து_மேடை (கும்பகோணம்):
கம்ப்ரெஷன் பார்க்காம போர் பேசுறவரிடம் வண்டியை விடாதீங்க. கேஜ் குளோ பிளக் ஓட்டையில் மாட்டணும். எஞ்சின் சூடா இருக்கணும், பேட்டரி முழுசா சார்ஜ் இருக்கணும், இஞ்செக்டர் கனெக்டர் நாலும் கழட்டியிருக்கணும், குளோ பிளக் நாலும் வெளியே. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு நேரம் கிராங்க் பண்ணிக் குறிச்சுக்கணும். தனி எண்ணை விட நாலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 10 சதவீதத்துக்கு மேல ஒண்ணு இறங்கினா அந்தச் சிலிண்டரைச் சந்தேகப்படலாம்.

குறைஞ்ச சிலிண்டரில் ஆயில் ஊத்தி மறுபடி அளக்கிற பழக்கம் பெட்ரோலுக்குச் சரி. டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடமே கொஞ்சம்தான், ஊத்தின ஆயிலே இடத்தை அடைச்சு ரீடிங்கை ஏத்திக் காட்டும். அதுக்குப் பதிலா ரெண்டு பக்க வால்வும் மூடியிருக்கிற நேரத்தில் பிஸ்டனை மேலே நிறுத்தி கம்ப்ரெசர் காத்தை விடுங்க. ஆயில் மூடி வழியா சீறினா ரிங். சைலன்சரில் கேட்டா எக்ஸாஸ்ட் வால்வ். காத்து வர்ற குழாயில் கேட்டா இன்டேக் வால்வ். ரேடியேட்டரில் குமிழி வந்தா ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி) கேஸ்கட். வால்வ் மட்டும்னா ஹெட்டை இறக்கினா போதும், போருக்கு வேலையில்லை.

ஒரு எச்சரிக்கை. இத்தனை கிலோமீட்டரில் குளோ பிளக் கார்பனில் இறுகியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, எஞ்சின் சூட்டில், முன்னும் பின்னுமா சிறுகச் சிறுகத் திருப்பணும். பலம் போட்டா முனை ஹெட்டுக்குள்ளே உடையும். அப்புறம் அதுக்காகவே ஹெட்டை இறக்கணும்.

குடமுருட்டி_75:
கருப்புப் புகைக்கும் பிக்கப் குறைச்சலுக்கும் என் சந்தேகம் இஜிஆர் (எரிஞ்ச புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள்ளே விடுற வால்வ்). நம்ம பக்கம் மேம்பாலத்தை விட்டா மேடு ஏது? நாலாவது கியரில் 1,400, 1,500 ஆர்பிஎம்மில் 45 கி.மீ. வேகத்தில் வருஷக்கணக்கா போற வண்டி. அந்த மெதுவான லோடில்தான் இஜிஆர் நல்லா திறந்து புகைக்கரியை உள்ளே திருப்பி விடுது. பிரீதரில் வர்ற ஆயில் ஆவியும் அதோட சேர்ந்து இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காத்து பிரிஞ்சு போற குழாய்) தார் மாதிரி படியும்.

வால்வையும் மேனிஃபோல்டையும் கழட்டி வெளியே வச்சுக் கழுவணும். ஓடுற எஞ்சினுக்குள் ஸ்பிரே அடிச்சா கரிக்கட்டி பெயர்ந்து சிலிண்டருக்குப் போகும். மாட்டும்போது புது கேஸ்கட். தகடு வச்சு அடைச்சுடலாம்பாங்க. செக் லைட் எரியும், மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கும் விரோதம்.

அதுக்கும் முன்னாடி, செலவில்லாத ரெண்டு வேலை. தை, மாசியில் சம்பா அறுவடை, ரோட்டிலேயே நெல்லும் வைக்கோலும் காயும். அந்தத் தூசில் ஏர் ஃபில்டர் கி.மீ. கணக்குக்கு முன்னாடியே அடைச்சுக்கும். எடுத்துப் பாருங்க. அடுத்து டர்போவிலிருந்து இன்டர்கூலர் போற ஹோஸ், கிளாம்ப் எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி தடவி, ஒருத்தர் ஆக்சிலரேட்டரை ஏத்தி இறக்க, குமிழி வருதா பாருங்க. ஹோஸ் வெடிப்பு ஒண்ணே கருப்புப் புகைக்குப் போதும்.

பாமணிக்கரை:
அண்ணன்மாருக்கு நன்றி. செயின் சத்தம் எவ்வளவு அவசரம்? இஜிஆர் வேலை முடிச்சுட்டு அடுத்த மாசம் பார்க்கலாமா?

வெண்ணாறு_டீசல்:
செயின்தான் முதல் வேலை, இஜிஆர் காத்திருக்கட்டும். செயின் ஒரு பல் தாண்டினா வால்வ் பிஸ்டனில் இடிச்சு ராக்கர் ஆர்ம் உடையும். ஸ்கேனரில் பி0016ன்னு கோட் வந்தா கேமும் (வால்வைத் திறக்கிற தண்டு) கிராங்க்கும் (பிஸ்டன் சுத்துற தண்டு) ஒத்துப்போகலைன்னு அர்த்தம், அதுக்கு மேல ஓட்டவே கூடாது. கோட் வரலைன்னாலும் காலைச் சத்தம் போதுமான ஆதாரம்.

செயினை மட்டும் மாத்தி காசை மிச்சம் பிடிக்காதீங்க. டென்ஷனர், கைடு, பல்சக்கரங்கள், கிராங்க் ஆயில் சீல் எல்லாம் சேர்த்து. கிராங்க்கையும் கேமையும் பூட்டுற டூல் பட்டறையில் இருக்கான்னு கேளுங்க. பெயின்ட் குறி வச்சு மாட்டுறோம்னா வேற இடம் பாருங்க. முன் கவருக்கு சீலன்ட் மெல்லிய கோடாத்தான் போடணும். அதிகமானது உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, சம்ப்பில் (எஞ்சின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) ஆயில் உறிஞ்சுற வலையை அடைக்கும். வேலை முடிஞ்சு சில வாரத்தில் ஆயில் லைட் எரியிற வண்டிகளில் பலதும் இந்தக் கேஸ்தான்.

பழைய ஆயில் ஃபில்டரின் காகித மடிப்பை விரிச்சு வெயிலில் பாருங்க. கருப்பு மசி மட்டும்னா நல்லது. மினுமினுக்கிற தூள் இருந்தா பேரிங் தேயுது, அப்போதான் எஞ்சினை இறக்கிறதைப் பத்திப் பேசணும். இனிமே மேனுவலில் 10,000 போட்டிருந்தாலும் 7,500ல் ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க.

உப்புக்காத்து (நாகப்பட்டினம்):
வேதாரண்யம் ஓட்டம்னு சொன்னதால இது. வழியில் கிடைக்கிற ஆழ்துளைக் கிணத்துத் தண்ணியை ரேடியேட்டரில் ஊத்தியிருந்தா உள்ளே உப்புப் படிஞ்சிருக்கும், வாட்டர் பம்ப் சீலும் அரிக்கும். சுத்தமா வடிச்சு, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்துங்க. பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போற எர்த் ஒயரைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டுங்க. உப்புக்காத்தில் அது பூத்துப்போனா சென்சார் எல்லாம் பொய் சொல்லும்.

லேத்து_மேடை:
இன்னொண்ணு விட்டுப்போச்சு. இன்டர்கூலர் ஹோஸைக் கழட்டும்போது உள்ளே ஆயில் பூச்சு இருந்தா பரவாயில்லை. கையில் வழியிற அளவு தேங்கியிருந்தா, டர்போ ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பாருங்க. மேலும் கீழும் மயிரிழை ஆட்டம் சகஜம். முன்னும் பின்னும் ஆடவே கூடாது. ஆடினா ஓட்டாதீங்க. தேங்கின ஆயிலையே குடிச்சு எஞ்சின் தானா ரேஸ் ஆகும், சாவியை அணைச்சாலும் நிக்காது. அப்படி ஆனா பிரேக்கை முழுசா மிதிச்சுக்கிட்டு, அஞ்சாவது கியர் போட்டு கிளச்சைச் சட்டுனு விடணும், இறுகி நின்னுடும்.