புதுப்பிப்பு: ஊத்தான் மெலிந்தாங்குக்குப் பியர் கொண்டுபோன கதை

தீபாவளிக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் ஊத்தான் மெலிந்தாங்குக்கு, மாமா வீட்டுக்குப் போகிறேன், எந்தக் கைவினை பியரைக் கொண்டுபோகலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பலர் பெல்ஜிய பாணிக் கோதுமை பியரைச் சொன்னீர்கள். ஒருவர் மட்டும், "அங்கே போய் பியரா? காலையில் கள்ளுக்கடைக்குப் போங்கள்" என்றார். என் ஓட்டு அவருக்கே.

பியரில் குறையில்லை. ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் சேர்த்தது என்று பெருமையாக விளக்கினேன். மாமா ஒரு மடக்கு குடித்துவிட்டு, "மிளகும் தட்டிப் போட்டிருந்தால் ரசம் ஆகியிருக்கும், மாப்பிள்ளை" என்றார்.

மறுநாள் காலை கள்ளுக்கடை. ஊர் இருக்கும் பாகான் டத்தோ வட்டாரம் தென்னைக்குப் பேர்போனது, கேட்கவா வேண்டும்? கழுநீர் நிறம், மேலே நுரை, நுரையில் ஒட்டிய ஒரு தேனீ. மாமா அதைச் சுண்டுவிரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குவளையை நீட்டினார். முதலில் இனிப்பு, பின்னாலேயே மெல்லிய புளிப்பு. பாளையிலிருந்து சொட்டிய உடனே ஈஸ்ட் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது, விட்டுவைத்தால் காடிதான்.

பாட்டி மட்டும் முகம் சுளித்தார். காரணம் இருக்கிறது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று.

கிளம்பும்போது ஒரு போத்தலை இறுக மூடி வண்டியில் வைத்தேன். தெலுக் இந்தானைத் தாண்டுவதற்குள் மூடி பறந்துவிட்டது. பின்னிருக்கை இன்னும் புளித்த வாடை அடிக்கிறது.