அர்ரே மெத்தடுகளுக்குத் தமிழில் விளக்கம் எழுத உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் அர்ரே (மதிப்புகளின் பட்டியல்) மெத்தடுகளுக்குத் தமிழில் விளக்கக் குறிப்புகள் எழுதி வருகிறேன். புஷ், பாப் எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டன. வரிசைப்படுத்தும் ஸார்ட்டில்தான் வந்து நிற்கிறேன்.

10, 9, 1 உள்ள அர்ரேயில், ஒப்பிடும் ஃபங்ஷன் எதுவும் கொடுக்காமல் ஸார்ட்டைக் கூப்பிட்டால் 1, 10, 9 என்று வருகிறது. எண்களையும் ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) மாற்றித்தான் அது ஒப்பிடுகிறது. போதாததற்கு மூல அர்ரேயையே மாற்றிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டின் 2023 பதிப்பில் வந்த டூஸார்ட்டட் மூல அர்ரேயை மாற்றாது, புது அர்ரே தருகிறது. இந்த இரண்டு எச்சரிக்கையும் முதல் வரியிலேயே வர வேண்டும் என்பது என் கருத்து. உதாரணத்துக்குக் கீழே போட்டால் பலர் கண்ணில் படாது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே எச்சரித்தால் புதிதாகக் கற்பவர் மிரண்டுவிடுவாரோ என்ற தயக்கமும் இருக்கிறது.

நீங்களாக இருந்தால் எங்கே சொல்வீர்கள்? மூல அர்ரேயை மாற்றுகிற ஸ்ப்ளைஸ், ரிவர்ஸ், ஃபில் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்.

அப்புறம், அர்ரேயில் உள்ளவற்றை ஒரே மதிப்பாகத் திரட்டித் தரும் ரெட்யூஸுக்கு நல்ல உதாரணம் ஒன்று வேண்டும். கூட்டுத்தொகை எல்லோரும் காட்டுவது. காலி அர்ரேயில் ஆரம்ப மதிப்பு இல்லாமல் கூப்பிட்டால் டைப்எரர் என்ற பிழை வருமே, அதையும் சேர்த்துப் புரியவைக்கிற மாதிரி சின்னதாக இருந்தால் போதும். சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.