மட்டம் போட்டா பொருளாதாரம் படுத்துடுமா? நஷ்டத்தை எப்படிக் கணக்குப் போடுறது?

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்):

வேலைக்கு மட்டம் போடுறவங்களால நாட்டுக்கு இத்தனை கோடி நஷ்டம்னு வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு சுத்துது. வராத ஆட்கள் × மாதச் சம்பளம் ÷ 26 (மாசத்து வேலை நாள்), அவ்வளவுதான். சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசணும். இந்தக் கணக்கு சரியா? சிப்காட் தொழிற்பேட்டை மாதிரி இடத்தில் பேக்கிங் லைனில் ஒரு ஆள் குறைஞ்சா நிஜமா எவ்வளவு போகுது? வந்து பஞ்ச் வச்சுட்டு ஓபி அடிக்கிறவரை இதில் எங்கே சேர்ப்பது? விவரம் தெரிஞ்சவங்க எண்ணோட சொல்லுங்க. திட்டு வேண்டாம்.

வில்லியனூர் ஃபிட்டர்:

அந்தக் கணக்கு தப்பு. சில இடத்தில் நஷ்டத்தைப் பல மடங்கு குறைச்சுக் காட்டுது, சில இடத்தில் இல்லாத நஷ்டத்தைக் காட்டுது. வேலைக்கு வராம நின்னது எந்த இடத்து ஆள் என்பதுதான் முக்கியம்.

ஒரு பாட்டில் லைனை எடுத்துக்கலாம். நிமிஷத்துக்கு ஃபில்லிங் 60, மூடி 50, லேபிள் 40. பேக்கிங்கில் மூணு பேர், ஆளுக்கு 15, ஆக 45. லேபிள்தான் லைனின் கழுத்து, எவ்வளவு தலைகீழா நின்னாலும் 40க்கு மேல் வராது. இப்போ பேக்கிங்கில் ஒருத்தர் வரலைன்னா 45 என்பது 30 ஆகும், கழுத்து அங்கே மாறும், லைன் 40லிருந்து 30க்கு இறங்கும். 8 மணி நேர ஷிப்ட்டில் சாப்பாடு, டீ 45 நிமிஷம் போக 435 நிமிஷம். 10 × 435 = 4,350 பாட்டில் குறையும். விற்பனை விலையில் சரக்கு, பாட்டில், மூடி, லேபிள் செலவைக் கழிச்சு ஒரு பாட்டிலுக்கு 4 ரூபாய் நிக்குதுன்னா 17,400 ரூபாய். அந்த ஆளின் நாள் கூலி 600 ரூபாய்னு வச்சுக்குங்க. வாட்ஸ்அப் கணக்கு இந்த 600ஐத்தான் காட்டும்.

அதே லைனில் காலி பாட்டில் ஏத்துறவங்க ரெண்டு பேர், ஆளுக்கு 45. ஒருத்தர் வரலைன்னாலும் 45 ஏறும், லேபிளுக்குத் தேவை 40தான். உற்பத்தி நஷ்டம் பூஜ்யம். மிச்சம் இருக்கிறவருக்கு முதுகு போகும், அது வேற விஷயம்.

அடுத்தது, எப்போ தெரிஞ்சது என்பது. லேபிளுக்கும் பேக்கிங்குக்கும் நடுவில் 600 பாட்டில் நிக்கிற மேசை இருந்தா, நிமிஷத்துக்கு 10 வீதம் தேங்கி ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ளே பதிலி ஆள் வந்தா மறுபடி 45 ஓடும், நிமிஷத்துக்கு 5 வீதம் தேங்கினது குறைஞ்சு ரெண்டு மணி நேரத்தில் மேசை காலி. நஷ்டம் இல்லை. ஒரு மணி நேரம் தாண்டினா லேபிள் மெஷினை மெதுவாக்கணும், போன நேரம் போனதுதான்.

முதல் நாள் ராத்திரியே சொல்லியிருந்தா முந்தின ஷிப்ட் ஆளை 4 மணி நேரம் நிறுத்தி, அடுத்த ஷிப்ட் ஆளை 4 மணி நேரம் முன்னாடி கூப்பிட்டுச் சமாளிக்கலாம். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) இரட்டைக் கூலி: மணிக்கு 75 × 2 × 8 = 1,200. வராதவருக்குச் சம்பளப் பிடித்தம்னா அதில் 600 மிச்சம், கூடுதல் செலவு 600. ஆக அதே ஆள், அதே நாள், சொல்லிட்டு நின்னா 600, சொல்லாம கொள்ளாம நின்னா 17,400. கூட்டத்தில் இதை மட்டும் சொன்னாலே போதும்.

ஒரு எச்சரிக்கை: பழக்கமில்லாத ஆளை லேபிள் மெஷினில் நிறுத்தக் கூடாது. சென்சார் தள்ளிப் போய் லேபிள் கோணலா ஒட்டும், ரோல் மாத்துறப்ப தேதி அச்சு பழசாவே ஓடும், அந்த லாட் மொத்தமும் திரும்பி வரும். பழகின ஆளை அங்கே நகர்த்திட்டுப் புது ஆளை அட்டைப்பெட்டி மடிக்க விடுங்க.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:

ஃபிட்டர் சொன்னது கம்பெனி நஷ்டம். நாட்டு நஷ்டம் அதே தொகை இல்லை. அந்த 4,350 பாட்டிலைக் கடைக்காரர் வேற கம்பெனியிடம் வாங்கிக்கிட்டா, இவருக்குப் போனது அவருக்கு வந்தது, நாட்டு வருமானத்தில் பெரிய மாற்றம் இல்லை. எல்லாக் கம்பெனியும் முழு அளவில் ஓடி, ஆர்டர் காத்துக்கிட்டு இருக்கிற காலத்தில்தான் அது நாட்டுக்கும் நஷ்டம். இன்னிக்கு நின்னதை ஞாயித்துக்கிழமை ஓட்டி ஈடு கட்டினா அதுவும் மறைஞ்சிடும். 1974 தொடக்கத்தில் பிரிட்டனில் நிலக்கரித் தட்டுப்பாட்டால் தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் மூணு நாள்தான் மின்சாரம். வேலை நாள் குறைஞ்ச விகிதத்துக்கு உற்பத்தி குறையலை, கிடைச்ச நாளில் வேகத்தைக் கூட்டிக்கிட்டாங்க.

ஆனா "மட்டம் போட்டவன் டீக்கடையில் செலவழிக்கிறான், அதுவும் பொருளாதாரம்தானே" என்ற வாதத்தைத் தயவுசெய்து கூட்டத்தில் வைக்காதீங்க. அந்தக் காசை அவர் சாயந்திரமும் செலவழிச்சிருப்பார்.

உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் அரசு வேலை. அரசுச் சேவைக்குச் சந்தை விலை இல்லாததால், அதன் உற்பத்தி மதிப்பை அதுக்கு ஆகும் செலவை வச்சே தேசியக் கணக்கில் எழுதுறாங்க. அதில் பெரும்பங்கு சம்பளம். அதனால் சம்பளம் வாங்கிக்கிட்டு ஆசிரியர் பள்ளிக்கு வரலைன்னா ஜி.டி.பி.யில் (நாட்டு மொத்த உற்பத்திக் கணக்கில்) ஒரு ரூபாய்கூட உடனே குறையாது. வந்தாலும் வராட்டியும் ஒரே எண்.

2003இல் நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்த்த ஓர் ஆய்வில் நாலில் ஒரு ஆசிரியர் பள்ளியில் இல்லை. மகாராஷ்டிராவில் சுமார் 15 சதவீதம், ஜார்க்கண்டில் சுமார் 42. அந்த நஷ்டம் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போறப்ப குறைஞ்ச கூலியாத்தான் வெளியே வரும். அன்னிக்கு யாரும் அதை மட்டத்தின் கணக்கில் எழுத மாட்டாங்க.

இன்னொரு செலவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. காட்டுமன்னார்கோவிலில் இருந்து பஸ் ஏறி கடலூர் அலுவலகத்துக்கு வர்றவர், கையெழுத்துப் போட வேண்டியவர் சீட்டில் இல்லைன்னா திரும்பிப் போய் இன்னொரு நாள் வரணும். 2025-26இல் நூறு நாள் வேலைக் கூலி தமிழ்நாட்டில் 336 ரூபாய். வீணான நாளுக்கு அதையே விலையா வச்சா, அப்படி 20 பேர் திரும்பினா 6,720 ரூபாய், பஸ் காசு தனி. சீட்டில் இல்லாதவரின் சம்பளம் முழுசா வரும்.

கெடிலக்கரை:

ஃபிட்டர் அண்ணே, வாத்தியார் ஐயா, ரொம்ப நன்றி. பஞ்ச் வச்சுட்டு ஓபி அடிக்கிற கேள்வி பாக்கி இருக்கு. முகம் காட்டுற மெஷின் வச்சா சரியாகிடும்னு ஒரு கூட்டம் சொல்லுது. அப்புறம், தடுக்க என்னதான் வழி?

தட்டாஞ்சாவடி எச்.ஆர்.:

மெஷின் ஆள் உள்ளே நுழைஞ்சதைத்தான் பார்க்கும், வேலையைப் பார்க்காது. ராஜஸ்தான் உதய்ப்பூரில் இதுக்கு ரெண்டு சோதனை நடந்திருக்கு. ஒரு தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் தேதி, நேரம் விழுற கேமரா கொடுத்து, வந்த நாளை வச்சுச் சம்பளம்னு ஆக்கினாங்க. ஆசிரியர் வராத நாள் 42லிருந்து 21 சதவீதமா, பாதியா இறங்கிச்சு. அதே மாவட்டத்தில் அரசுச் செவிலியர்களுக்கு நேரம் பதியிற மெஷின் வச்சப்ப முதல் ஆறு மாசம் வருகை கூடிச்சு. பிறகு மேலதிகாரிகளே "விலக்கு நாள்"னு எழுதிக் கொடுக்க, பதினாறு மாசத்தில் பலன் கரைஞ்சுபோச்சு. ரெண்டுமே நேரம் பதியிற மெஷின்தான், அந்தப் பதிவு விலக்கு இல்லாமல் சம்பளத்தில் பட்டுச்சா என்பதில்தான் வித்தியாசம்.

லைனில் ஓபி அடிக்கிறவர் வராதவரைவிடக் கெடுதல். வராதவர் இடத்துக்குப் பதிலி போடலாம். வந்தும் வேலை செய்யாதவர் இடம் கணக்கில் நிரம்பியிருக்கும், ஃபிட்டர் சொன்ன 17,400 சத்தமில்லாமல் போகும். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு இடத்திலும் எத்தனை முடிஞ்சதுன்னு பலகையில் சாக்பீஸால் எழுதுங்க. சில நாளிலேயே தெரிஞ்சிடும். பல தடவை ஓபின்னு நினைச்சது ஓபியா இருக்காது, மேலே இருந்து அட்டைப்பெட்டி வராமல் சும்மா நிக்கிறதா இருக்கும்.

தடுக்கிறதுக்கு முன்னாடி ஆள் எண்ணிக்கை சரியான்னு பாருங்க. வருஷத்தில் 365 நாள். வார ஓய்வு 52, தமிழ்நாட்டுச் சட்டப்படி தேசிய, பண்டிகை விடுமுறை 9, ஈட்டிய விடுப்பு 15, சாதாரண விடுப்பு 7னு வச்சா மிச்சம் 282. தினமும் ஓடுற ஒரு இடத்துக்கு 365 ÷ 282, அதாவது 1.3 ஆள் வேணும். பத்து இடத்துக்குப் பத்தே ஆளை வச்சுக்கிட்டு "மட்டம் போடுறாங்க"ன்னு கத்துற நிர்வாகங்கள் இந்தப் பக்கம் நிறைய.

வருகை போனஸில் ஒரு ஓட்டை உண்டு. "ஒரு நாள்கூட லீவு இல்லைன்னா 600"னு வச்சா, 5ஆம் தேதி ஒரு நாள் நின்னவருக்கு மிச்ச மாசம் வர்றதுக்குக் காரணமே இல்லை. லீவு இல்லைன்னா 600, ஒரு நாள்னா 400, ரெண்டு நாள்னா 200னு படியா வைங்க. சாப்பாட்டுப் பொருள் பேக்கிங்னா இது பத்தாது. போனஸ் ஆசையில் மெட்ராஸ் ஐயோட வந்து லைன் முழுக்கப் பரப்பிடுவாங்க, அந்த நாளுக்கு விலக்கு எழுதுங்க.

நாள்காட்டியையும் முன்கூட்டியே குறிச்சு வைங்க. ஆகஸ்ட் 16, நவம்பர் 1 புதுச்சேரியில் விடுமுறை, கடலூரில் இல்லை. புதுச்சேரிக்குள்ளே இருக்கிற பாகூர் பக்கத்துல இருந்து சிப்காட் வர்ற ஆட்களுக்குப் பிள்ளைகள் வீட்டில் இருப்பாங்க. ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் தேர், மாசி மகத்துக்கு வைத்திக்குப்பமும் தேவனாம்பட்டினமும்னு ஆட்கள் திருவிழாவுக்குப் போவாங்க. இந்த நாட்களுக்கு ஒரு வாரம் முன்னாடி பெயர் எழுத ஒரு தாளை மாட்டினா பாதி மட்டம் சொல்லிட்டு எடுக்கிற லீவா மாறிடும்.

வில்லியனூர் ஃபிட்டர்:

இ.எஸ்.ஐ.யையும் (தொழிலாளர் காப்பீடு) சேருங்க. மாசம் 21,000 ரூபாய் வரை வாங்குறவங்களுக்கு நோய்க்கால உதவி 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. ஆனா முதல் ரெண்டு நாள் காத்திருப்பு, அதுக்குப் பணம் இல்லை.

தட்டாஞ்சாவடி எச்.ஆர்.:

ஆமா. அதனால் ஒரு நாள் காய்ச்சலுக்கு இ.எஸ்.ஐ.யில் எதுவும் வராது, பதிவேட்டில் அது மட்டமாத்தான் விழும். மூணாவது நாளில் இருந்துதான் காசு என்பதால் ரெண்டு நாளில் தேறினவரும் அஞ்சு நாளுக்குச் சான்றிதழ் வாங்குவார். 15 நாளுக்குள்ளே மறுபடி படுத்தா மட்டும் அந்தக் காத்திருப்பு கிடையாது. முந்தின ஆறு மாசப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்புக் கட்டியிருக்கணும், புதுசா சேர்ந்த காண்டிராக்ட் ஆட்கள் இதில்தான் விழுறாங்க. கூட்டத்தில் கேட்கிறதா இருந்தா, சம்பளத்தோட ரெண்டு நாள் நோய் விடுப்பு கேளுங்க. ஆளுக்கு 1,200 ரூபாய், பேக்கிங் ஆள் ஒரே ஒரு நாள் சொல்லாம நின்னா போறது 17,400.